தடித்த பக்கம் முன்னால்

ஜூலை 5, சனி

சுருளிமணியின் ஜீப்பை இன்று உயர்த்தி முடித்தேன். எஸ்டேட்காரர்கள் மேல்காட்டில் புதிதாக ஏலக்காய்ச் செடி வைத்திருக்கிறார்கள். அங்கே போகிற பாதையில் பாறைகள் மண்டை மண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. தினமும் பதினாலு பெண்களை ஏற்றிக்கொண்டு போடியிலிருந்து மலையேறுகிறவன், வாரம் ஒரு தடவை வண்டியின் அடிவயிற்றை இடித்துக்கொண்டு என் ஷெட்டில் வந்து நிற்கிறான். மச்சினனாகப் போய்விட்டான், விரட்டவும் முடியாது.

அதனால் முன்னும் பின்னும் ஆக்ஸிலுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி ஆக்ஸிலுக்கு மேலே உட்கார வைத்தேன். வண்டி ஏறக்குறைய அரை அடி உயர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யாரும் செய்யாத வேலை. பட்டை உட்கார முன் ஆக்ஸிலில் வெல்டர் வைத்த மேடை கொஞ்சம் சாய்ந்து அமைந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் டேப்பர் தகடு கொடுத்தேன். ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்த இரும்புத் துண்டு, அவ்வளவுதான். ஐம்பது ஜீப்புக்காவது போட்டிருப்பேன். தடித்த பக்கம் முன்னால், எப்போதும் போல.

இந்த டைரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. செய்த வேலையை அன்றன்றைக்கு எழுதிவிடுவேன். ஆறு மாதம் கழித்து வந்து, "நீ அதைத் தொடவே இல்லையே" என்று வாதாடுகிறவர்கள் வாயை அடைக்க இதுதான் மருந்து. கௌமாரிக்குச் சிரிப்பு. "ஊர்ல கலெக்டரும் எம் புருசனும்தான் டைரி எழுதுறாக" என்பாள்.

ஜூலை 7, திங்கள்

ஜீப் மேல்காட்டுக்குப் போய்வந்தது. ஒரு பாறையும் தொடவில்லையாம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆசைதான், சட்டை முழுக்க கிரீஸ்.

ஜூலை 11, வெள்ளி

சுருளிமணி சாயங்காலம் வந்தான். இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், வண்டி அலையுது."

"அலையுதுன்னா?"

"நேர்ரோட்டுலயே அங்கிட்டும் இங்கிட்டும் போகுது. நான் ஒண்ணும் பண்ணல, அதுவாப் போகுது. அப்புறம், வளைவு முடிஞ்சா ஸ்டியரிங் தானாத் திரும்பி நேருக்கு வரும்ல? இப்ப வர மாட்டேங்குது. நான்தான் பிடிச்சு இழுத்துக் கொண்டாரணும்."

"வண்டி ஒசந்திருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். மாட்டு வண்டியில இருந்து லாரிக்கு மாறினவன் மாதிரி நெனைச்சுக்க. பழகிரும்."

"பதினேழு வளைவு மச்சான். ஏறயில பதினேழு, இறங்கயில பதினேழு."

வளைவுகளை எனக்கே எண்ணிச் சொல்கிறான். டயர் காற்றைச் சரிபார்த்து அனுப்பினேன்.

ஜூலை 14, திங்கள்

மறுபடியும் அதே பாட்டு. ஸ்டியரிங் பாக்ஸில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, டைட் வைத்தேன். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற டை ராடு, அதன் முனைகள் இரண்டும் புதிது. வீல் பேரிங் பார்த்தேன், சுத்தம். ஓட்டிப் பார்க்கச் சொன்னான். மதியத்துக்கு மேல் ஒரு டிராக்டர் வர வேண்டியிருந்ததால் ஓட்டவில்லை. டிராக்டர் வரவில்லை.

ஜூலை 19, சனி

மூன்றாவது முறை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஷெட்டில் ஸ்டியரிங் வேலை பார்க்கிறேன். என் கையில் போன வண்டி அலைகிறது என்று இதுவரை ஒருத்தன் சொன்னதில்லை.

முன்சக்கரங்களின் மூக்கை உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வண்டி அடங்கும். பழைய வைத்தியம்தான். டை ராட்டை இரண்டு சுற்று திருகினேன். பிறகு இன்னும் ஒரு சுற்று. ஜீப் ஸ்டாண்டு வரை போய்விட்டு போன் பண்ணினான். "இப்பத் தேவலை மச்சான், கொஞ்சம் அடங்குது." கொஞ்சமாம். வாய் நிறைய ஒரு நல்ல வார்த்தை வருகிறதா பார்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுத் தண்ணீர் மோட்டார் இழுக்கவில்லை. ஊர் வண்டியெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டில் மோட்டார் ஓடாது என்று கௌமாரி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். வாஷர் மாற்றினேன். இப்போதும் இழுக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

சுருளிமணி ஜீப்பில் ஜூனில் வாங்கிப் போட்ட முன் டயர்கள். இரண்டின் வெளி ஓரமும் வழுக்கையாகிவிட்டது. உள் ஓரம் அப்படியே புதுசு. உள்ளிருந்து வெளியே தடவினால் அரத்தில் தேய்த்த மாதிரி கையைக் கிழிக்கிறது. இரண்டே மாதத்தில் டயரைத் தின்று வைத்திருக்கிறான்.

ஸ்டாண்டில் வைத்தே கேட்டேன். நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட் வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிற பவுன்தாயக்காவும் கூலி விஷயமாக வந்திருந்தது.

"வளைவுல ரேஸா விடுற? இப்படித் தேய்ஞ்சா டயருக்கு எங்க போறது?"

"மெதுவாத்தான் போறேன் மச்சான். வண்டி இன்னமும் அலையுது."

"வண்டியில ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நான் பார்த்தாச்சு. கோளாறு வண்டியில இல்லப்பா, பிடிக்கிற கையில."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான். டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுருளிமணி வீட்டுக்கு வந்திருந்தான். அக்காள் கௌமாரி கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினான்.

"நல்லாப் பாருங்க மச்சான். நடுங்குதா?"

நடுங்கவில்லை. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது.

"ஏன் கேக்குற?"

"குடிச்ச காலத்துல நடுங்கும். விட்டு ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப ஒருவேளை திரும்ப வருதோன்னு பயமா இருக்கு. நீங்க சொன்னதுல இருந்து ராத்திரி படுத்தா கையையே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

டாக்டரிடம் காட்டு என்றேன். கௌமாரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்துவிட்டது.

மாலை நாலு மணிக்கு இறங்கும்போது, எட்டாவது வளைவு முடிந்து வருகிற நேர்ரோட்டில். நல்ல சாரல். வண்டி பள்ளத்துப் பக்கம் நழுவியிருக்கிறது. திருப்பியிருக்கிறான். திருப்பியது திரும்பி வரவில்லை. மலைப்பக்கச் சுவரில் கொண்டுபோய் மோதி நிறுத்திவிட்டான். பதினாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். பவுன்தாயக்காவுக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. இன்னொரு பெண்ணுக்குத் தாடையில் ஆறு தையல். சுருளிமணிக்கு நெற்றியில் வீக்கம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் யாரையும் பார்க்காமல் நின்றான். மறுபக்கம் போயிருந்தால் என்று ஒரு தடவை நினைத்துவிட்டு, பிறகு அதை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்டாண்டில் கூடிப் பேசினார்கள். யாரோ ஒருவன், சுருளிமணியிடம் சாராய வாடை வந்தது என்று கிளப்பிவிட்டிருக்கிறான். பவுன்தாயக்கா மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்தது.

"வாடை வந்துச்சா, வரலையான்னு எனக்குத் தெரியாது. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு மாசமா வண்டி குடிகாரன் நடக்கிற மாதிரித்தான் போச்சு. நாங்க உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனோம்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஏப்பா மெக்கானிக்கு, வண்டியில கோளாறு உண்டா?"

"போன மாசம்தான் எல்லாம் பார்த்தேன். ஸ்டியரிங், பிரேக் எல்லாம் சுத்தமா இருக்கு" என்றேன்.

"பெறகென்ன, அவரே சொல்லிட்டாரு. சொந்த மச்சினனுக்குன்னு கூட வளைஞ்சு பேசல" என்றார் ஸ்டாண்டு தலைவர். வண்டி சுருளிமணியுடையது, அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் இனி அவன் ஓட்டினால் பெண்கள் ஏற மாட்டார்கள். வேறு டிரைவர் போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. ஸ்டாண்டிலேயே வேறு ஜீப் ஓட்டிக்கொண்டிருக்கிற ஜக்கையன் இதை ஓட்டுவான்.

சுருளிமணி என்னைப் பார்த்தான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். மூன்று தடவை உங்களிடம் வந்து சொன்னேனே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காதது அவன் தப்புத்தானே.

ஆகஸ்ட் 14, வியாழன்

கௌமாரி தம்பி வீட்டுக்குப் போய், அவன் வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயது ஆள் சின்னப் பிள்ளை மாதிரி ஊதிக் காட்டினானாம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் அழுதாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜீப் என் ஷெட்டில்தான் நிற்கிறது. இடது மட்கார்டைத் தட்டி எடுத்தேன், லைட் மாற்றினேன். டை ராடு வளையவில்லை. ஆக்ஸிலும் நேராக இருக்கிறது. வேலை முடிந்ததும் முதல் தடவையாக நானே ஓட்டிப் பார்த்தேன், மலையடிவாரத்து முந்தல் வரை.

மாந்தோப்பு தாண்டி ஒரு வளைவில் திருப்பினேன். நேராக வர ஸ்டியரிங்கைத் தளர விட்டேன். அது வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. பிடித்து இழுத்தால் எதிர்ப்பக்கம் கூடுதலாகப் போனது. ஐந்து கிலோமீட்டரில் என் சட்டை நனைந்துவிட்டது.

மோதியதில் ஏதாவது ஆகியிருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் மோட்டாரைப் பிரித்தேன். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வில் ஒரு தவளைக்குட்டி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு டிராக்டருக்கு கிளட்ச் பிளேட். இரண்டு தடவை ஸ்பானர் நழுவி விரல் முட்டி பெயர்ந்தது. டிராக்டர்காரரிடம் எரிந்து விழுந்தேன், அவர் பாவம், டீ வாங்கிவரட்டுமா என்றுதான் கேட்டார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுருளிமணி ஜீப் ஷெட்டுக்குள் நிற்பதால் இடம் அடைசலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

கடைவீதியில் ஒரு பாகைமானி வாங்கினேன். "பிள்ளைக்கா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன், எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அதில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, சக்கரம் திரும்புகிற கிங் பின் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்தேன். முதலில் ஜக்கையன் இதுவரை ஓட்டிய பழைய ஜீப்பில் பார்த்தேன். பின்பக்கம் மூன்று டிகிரி. எல்லா ஜீப்பும் அப்படித்தான் இருக்கும், இருக்க வேண்டும்.

பிறகு சுருளிமணி ஜீப்பில் அளந்தேன். பாகைமானி சரியில்லை என்று நினைத்து மறுபடி அளந்தேன். நாலு தடவை அளந்தேன்.

அளவை இங்கே எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுதிவிடுகிறேன். முன்பக்கம் இரண்டு டிகிரி.

சைக்கிளைப் பார்த்தால் புரியும். முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் ஹேண்டிலை விட்டாலும் நேராக ஓடுகிறது. அதே சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளினால் ஹேண்டில் சட்டென்று மடங்கிக்கொள்ளும். ஐந்து வாரமாக அந்த ஜீப் முன்பக்கம் போவதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால், டேப்பர் தகட்டின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். ஆக்ஸில் பின்னால் சாயும். பட்டை மேலே போய்விட்டால் எல்லாம் தலைகீழ். தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். இது எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். கேட்க ஆளில்லை, கை தன் பழக்கத்துக்கு வைத்துவிட்டது. சக்கரத்தின் மூக்கை உள்ளே திருப்பியதும் நான்தான். டயரைத் தின்றது அந்தத் திருகல்தான், அவன் கையில்லை.

ஜூலை 5ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து, குண்டு குண்டாக. தடித்த பக்கம் முன்னால், எப்போதும் போல. அந்தப் பக்கத்தின் மேல் ஓரத்தை விரலால் பிடித்தேன். ஒரு விரற்கடை கிழிந்தும் விட்டது. கௌமாரி சாப்பிடக் கூப்பிட்டாள், மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஷெட் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்தேன். தகடுகளைத் திருப்பிப் போட்டேன். டை ராட்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். முன்னால் வேறு டயர்கள். அளந்தேன், பின்பக்கம் மூன்று டிகிரி. முந்தல் வரை போய்வந்தேன். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் என் உள்ளங்கைக்குள் தானாகச் சுழன்று நேருக்கு வந்தது.

வண்டி சரியாகிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்து இல்லை. முக்கியமானது அதுதான். மற்றதெல்லாம் ஆறிப்போகும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜக்கையன் இன்று முதல் நாள் ஓட்டினான். நேராக ஷெட்டுக்கு வந்து, "மெக்கானிக்கண்ணே, வண்டி தேர் மாதிரி போகுது! ஒரு வெரல்ல ஓட்டலாம்" என்றான். கூட வந்தவன், "அப்ப எல்லாம் சுருளிமணி கைதான்" என்றான். ஜக்கையன் தலையை ஆட்டினான்.

இதை நான் யோசிக்கவே இல்லை. வண்டியைச் சத்தமில்லாமல் சரிசெய்தால் ஆபத்து தீரும் என்று மட்டும் நினைத்தேன். வண்டி ஒழுங்காக ஓட ஓட அவன் குற்றவாளியாகிக்கொண்டே போவான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சுருளிமணி வந்தான். வண்டிச் சாவியின் இன்னொரு செட்டை என் மேஜையில் வைத்தான்.

"ஜக்கையன்கிட்டக் கொடுத்துருங்க. நான் திருப்பூர் போறேன். ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேலை சொல்லியிருக்காக, திங்கக்கிழமை சேரணும்."

"டிரைவர் வேலையே அங்கயும் கெடைக்கும்ல?"

"வேணாம் மச்சான். நீங்க சொன்னது சரிதான். நான் ஒத்துக்க மாட்டேன்னு அடம் பிடிச்சேன். ஜக்கையன் ஓட்டுறதை முந்தல்ல நின்னு பார்த்தேன். எவ்வளவு அழகாப் போறான்! அதே வண்டி. பதினாலு பேரையும் கொன்னுருப்பேன். நெனைச்சா சாப்பாடு இறங்க மாட்டேங்குது. ஸ்டியரிங்கை இனிமேத் தொட மாட்டேன்."

சாவியை எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் இரண்டு தடவை முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கௌமாரியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? ஸ்டாண்டுல போய்ச் சொல்லுங்க" என்றாள். ராத்திரி என் தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். மச்சினனைக் காப்பாற்றப் புளுகுகிறான் என்பார்கள். சாயங்காலம் ஜக்கையன் பெண்களை இறக்கிவிட்டதும் ஜீப்பை ஷெட்டுக்கு வாங்கிக்கொண்டேன். தகடுகளை மறுபடி தப்பாகப் போட்டேன். தெரிந்தே ஒரு வேலையைத் தப்பாகச் செய்வது எவ்வளவு சிரமம்! போல்ட்டை முறுக்க முறுக்க மனசு ஒப்பவில்லை. டை ராட்டையும் பழைய திருகலுக்கே கொண்டுபோனேன். ஜக்கையனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "நாளைக்கு ஓட்டிக் காட்டுறேன்ணே, நீங்க வீணாக் கவலைப்படுறீக" என்றான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை ஏழு மணி, நான் வரச்சொன்னபடி எல்லாரும் ஸ்டாண்டில் கூடினார்கள். ஞாயிறு என்பதால் வண்டிகள் ஓடவில்லை. ஏழெட்டு டிரைவர்கள், ஸ்டாண்டு தலைவர், பவுன்தாயக்கா, அக்காவோடு நாலு பெண்கள். கௌமாரி தன் தம்பியைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, டீக்கடை வாசலில் நிறுத்தியிருந்தாள்.

டைரியைப் பவுன்தாயக்காவிடம் கொடுத்து, ஜூலை 5ஐப் படிக்கச் சொன்னேன். அக்கா ஒரு கையால் பிடிக்க முடியாமல் மடியில் வைத்து, எழுத்துக் கூட்டி எல்லாரும் கேட்கப் படித்தது. தடித்த பக்கம் முன்னால், எப்போதும் போல. யாருக்கும் புரியவில்லை.

"இதுல என்னப்பா இருக்கு?"

"அது தப்புக்கா. பின்னால வச்சிருக்கணும். வண்டி அலைஞ்சதுக்கு அதுதான் காரணம். போன வாரம் யாருக்கும் தெரியாமத் திருப்பிப் போட்டேன், அதான் ஜக்கையன் கையில நல்லாப் போச்சு. இப்பப் பழையபடி தப்பா வச்சுக் கொண்டாந்திருக்கேன். ஜக்கையன் ஓட்டிப் பார்க்கட்டும். மூணாவது வளைவு வரை, காலி வண்டி, மெதுவா."

ஜக்கையன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் ஏறினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் தலைவரும் இன்னொரு டிரைவரும். முந்தல் தாண்டும்போது ஜக்கையன் பேச்சை நிறுத்தினான். முதல் வளைவில் பல்லைக் கடித்தான். இரண்டாவது வளைவில் திருப்பியதை மீட்க முடியாமல் எதிர்ப் பக்கம் போய், பிரேக்கை அடித்து நிறுத்திவிட்டான். மூன்றாவது வளைவுக்குப் போகவே இல்லை. அங்கேயே முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி, நடக்கிற வேகத்தில் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தான்.

இறங்கியதும் கைகளை உதறினான். முகமெல்லாம் வேர்வை. நேராக சுருளிமணியிடம் போனான்.

"இதையாடா நீ அஞ்சு வாரம் ஓட்டின? பதினாலு பேரை வச்சுக்கிட்டு? மழையில?"

சுருளிமணி தன் கையைத்தான் பார்த்தான்.

பவுன்தாயக்கா எழுந்துபோய் அவன் முன்னால் நின்றது. "நீ சுவத்துப் பக்கம் திருப்பலேன்னா நாங்க யாரும் இன்னைக்கு இல்லடா. என் வாய்தான் வண்டி குடிகாரன் மாதிரிப் போச்சுன்னு சொல்லி உன்மேல பழியைப் போட வச்சுச்சு" என்று மாவுக்கட்டுக் கையாலேயே அவன் கன்னத்தைத் தொட்டது. அவன் அப்போதுதான் அழுதான். கௌமாரியும் அழுதாள்.

எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். தலைவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "மொதல்ல அந்தத் தகட்டை ஒழுங்கா மாட்டுப்பா" என்றார்.

மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டேன், டை ராட்டையும் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

திருப்பூருக்குப் போகாமல், காலை ஐந்தரைக்கு சுருளிமணிதான் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனான். பவுன்தாயக்கா கை சரியாகாததால் வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் முதல் ஆளாக முன் சீட்டில் ஏறி, முந்தல் வரை போய் இறங்கி, பஸ்ஸில் திரும்பி வந்ததாம். கௌமாரி சொன்னாள். என்னிடம் இல்லை, போனில் யாரிடமோ.

செப்டம்பர் 4, வியாழன்

ஸ்டாண்டு ஜீப்புகள் மூன்று வேறு ஷெட்டுக்குப் போய்விட்டன. நியாயம்தான். தண்ணீர் மோட்டார் நன்றாக ஓடுகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று காலை ஜீப் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். சுருளிமணி. ஒரு வாரமாக அவன் இந்தப் பக்கமே வரவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. சாக்கை விரித்து, டார்ச்சோடு தானே வண்டிக்கு அடியில் போனான்.

"தடிச்ச பக்கம் பின்னாலதான் இருக்கு?"

"பின்னாலதான்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும். நீயே தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். டயர்களை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று தடவிப் பார்த்தான். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடப் போனேன். விலகிக்கொண்டான்.

"டைரியைக் குடுங்க."

கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஜூலை மாதத்திலிருந்து புரட்டினான். அவன் படிக்கிறவரை நான் ஒரே நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓரம் கிழிந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றான். பிறகு ஆகஸ்ட் 2. பிறகு 13. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான்.

"தகடு மாறிப்போச்சு. அது கை செஞ்ச தப்பு, எனக்கு வருத்தமில்ல. எனக்கும்தான் எத்தனையோ தடவை கியர் மாறி விழுந்திருக்கு" என்றான். விரலை 13ஆம் தேதியின் மேல் வைத்தான். "இதை அன்னைக்கு ஸ்டாண்டுல படிச்சீகளா? நான் மூணு தடவை வந்து சொன்னேன், நீங்க ஓட்டியே பார்க்கல, தெரிஞ்சுக்கிட்டே டீ கிளாஸைப் பார்த்தீக. இதைப் படிச்சீகளா?"

"இல்ல."

"இந்த ரெண்டாந்தேதி? கோளாறு கையிலன்னு?"

"இல்ல."

"தகட்டை மட்டும் படிச்சிருக்கீக."

டைரியை மூடி என் கையில் கொடுத்தான். வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினான்.

"நாளைக்கு அஞ்சரைக்கு எல்லாரும் ஸ்டாண்டுல இருப்பாக. வந்து படிங்க மச்சான். படிச்சதுக்கு அப்புறம் என் வண்டிக்கு வேலை எல்லாம் இங்கதான்."

ஜீப் திரும்பி தெருமுனை வளைவில் போவதைப் பார்த்தேன். கையைத் தளர விட்டிருந்தான். ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது.

உள்ளே போய் கௌமாரியிடம், காலையில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடு என்றேன். "நானும் வாரேன்" என்றாள்.